மெல்லக் கற்கும் வகுப்புக்குப் போன கெட்டிக்காரி

பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்ல எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு பெருமூச்சு விடவேண்டும். பிறகு கையை விரித்துக் காட்டவேண்டும். வாய் திறப்பது அதற்குப் பிறகுதான். “எங்கை அக்கா, புத்தகத்தைத் தொடுறாளே. முழு நேரமும் விளையாட்டுத்தான்.” கேட்டவர் இதை நம்பமாட்டார். நம்புவார் என்று நினைத்துச் சொன்னவரும் சொல்லவில்லை. கோயிலில் கண்டால் “எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்பதைப் போன்றதுதான் இதுவும்.

நல்லூரில் ரியூசன் விடும் நேரத்தில் வாசலில் நின்றால் இதை நன்றாகக் கேட்கலாம். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பல் வைத்தியரின் குடும்பம் இருக்கிறது. அவருடைய மகனும் என் மகளும் தரம் நான்கில் ஒரே வகுப்பு. ஒருநாள் வைத்தியரின் மனைவி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு என்னிடம், “எங்கடையவருக்கு இன்னும் எட்டாம் வாய்ப்பாடு வராது அக்கா, என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை” என்றார். ஸ்கூட்டியின் பின்னால் இருந்த மகன் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இருவரும் அதைக் கேட்டோம். “எட்டு கஷ்டம்தான் அக்கா” என்றேன். “என்ரையவள் ஐஞ்சிலையே நிக்கிறாள்.”

நான் பட்டதாரி. பிரதேச செயலகம் ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறேன். புகழ்ந்தால் நாவூறு படும் என்பதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில், அழைப்பிதழிலிருந்த ஆங்கிலத்தை என் மகள் எழுத்துக் கூட்டாமல் வாசித்ததைப் பார்த்து ஒருவர், “அம்மாடி, என்ன கெட்டிக்காரி” என்றார். அந்தக் கிழமையே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முன்பல்லும் உடைந்தது. பல் உடைந்தது மதிலில் ஏறியதால் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றிலிருந்து என் மகளைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை. வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முதல் ஆளாகக் கை தூக்கவேண்டாம் என்று அவளிடமும் சொல்லிவைத்தேன். அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. கையே தூக்குவதில்லை.

வீட்டில் மட்டும் அவள் வாய் மூடுவதில்லை. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் உள்ளே ஏன் வெள்ளையாகப் படிகிறது, சாவகச்சேரியில் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் குளித்தால் சவர்க்காரம் ஏன் அப்படி நுரைக்கிறது, எங்கள் கிணற்றில் ஏன் தேய்த்துத் தேய்த்துக் கை நோகிறது என்று ஒரே கேள்வி. ஒரு மழைநாளில் தாழ்வாரத்து வாளியில் பிடித்த தண்ணீரை ஒரு போத்தலில் விட்டு, சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்கினாள். போத்தல் முழுவதும் நுரை. கிணற்றுத் தண்ணீரில் அதே அளவு போட்டுக் குலுக்கினாள். மேலே மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் மிதந்தது.

“பாத்தியே, மழைத் தண்ணி நல்லது” என்றேன்.

“ஒருக்காச் செய்து பாத்துப்போட்டுச் சொல்ல ஏலாதம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சீவத் தொடங்கினாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் சவர்க்காரம் பாண் போலத் தீர்ந்தது.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. தரம் நான்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து சனிக்கிழமைகளில் மீத்திறன் வகுப்பு என்று நடத்தப் போகிறார்களாம். அந்தப் பிள்ளைகள் தாங்களே ஓர் ஆராய்ச்சி செய்யவேண்டும். நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து வலய மட்டப் போட்டிக்கு அனுப்புவார்களாம். பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதே சனிக்கிழமையில் பரிகார வகுப்பு. மகள் இதைக் கேட்டதிலிருந்து நிலத்தில் நிற்கவில்லை. ஊரிலுள்ள கிணறுகளிலெல்லாம் தண்ணீர் எடுத்து எதில் எவ்வளவு நுரை வருகிறது என்று அளக்கப் போகிறாளாம். போட்டிக்கு அதைத்தான் கொண்டுபோகப் போகிறாளாம்.

வகுப்புக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்திருந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து இங்கே வந்தவர். வயது குறைவு. மிகவும் நேர்மையானவர் என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். பழைய புள்ளிகளைப் பார்த்துப் பிள்ளையை எடைபோடக் கூடாது, பெற்றோரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அதனால் எங்களை எல்லாம் ஒரு பின்னேரம் கூப்பிட்டார்.

பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க இருந்தோம். ரீச்சரின் மேசை முதல் வாங்கிலிருந்து எட்டித் தொடும் தூரம். ஒவ்வொருவராகப் போய் அவர் முன் கதிரையில் இருக்க, பின்னால் இருந்த அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் காதை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பல் வைத்தியரின் மனைவிக்கு அன்று தலையிடி. அவருக்குப் பதிலாக வைத்தியர் வந்திருந்தார்.

என் முறை வந்தது.

“சொல்லுங்க அம்மா, மகள் வீட்டில தானாவே படிப்பாங்களா?”

பின்னால் ஒரு வாங்கு கிறீச்சிட்டது. யாரோ முன்னால் சாய்ந்திருந்தார்கள்.

“எங்கை ரீச்சர்” என்று பெருமூச்சு விட்டேன். “சொல்லிச் சொல்லி வாய் நோகுது.”

“கணக்கு எப்படி?”

“கூட்டலே தடுமாறும்.”

“வாசிப்பு?”

“படத்தைப் பாப்பா.”

ரீச்சர் என்னைக் கவலையோடு பார்த்தார். “பயப்படாதீங்க அம்மா. நாங்க பார்த்துக்கொள்றம்” என்று என் கையைப் பிடித்தார். என்ன அன்பான ரீச்சர் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். நன்றாகச் செய்துவிட்டேன் என்றும் நினைத்தேன் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அடுத்ததாகப் போன வைத்தியர், மகன் எப்படி என்று கேட்டதும், “நல்லாப் படிப்பார் ரீச்சர். மூளைசாலி” என்றார். வாங்குகளில் ஒரு சலசலப்பு. பாவம், தகப்பன்மாருக்கு ஒன்றும் தெரியாது என்று பக்கத்திலிருந்தவர் என் காதுக்குள் சொன்னார். வீட்டுக்குப் போனால் மனைவியிடம் இருக்கிறது அவருக்கு என்று நானும் நினைத்தேன்.

அடுத்த கிழமை மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

“நான் பரிகார வகுப்பாம்.”

“ஆர் சொன்னது?”

“ரீச்சர். பக்கத்து வீட்டுத் தம்பி மீத்திறனாம். ஆராய்ச்சி அவைக்கு மட்டும்தானாம். எங்களுக்கு ஈர்க்கை எண்ணிக் கூட்டல் கணக்காம்.” சற்று யோசித்தாள். “நான் ஏனெண்டு கேட்டனான். ‘உங்க அம்மாதான் சொன்னாங்க, கவலைப்படாதீங்க’ எண்டவ.”

குனிந்து அவளுடைய சப்பாத்து நாடாவை அவிழ்க்கப் போனேன், காலை இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, ரண்டிலை ஒண்டுதான். நீங்கள் ரீச்சருக்குப் பொய் சொல்லியிருக்கோணும், இல்லாட்டி நான் மொக்காய் இருக்கோணும். எது?”

அழுதுகொண்டு கேட்டிருந்தால் அணைத்துச் சமாளித்திருப்பேன். அவள் கேத்தலைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“பொய்யில்லைக் குஞ்சு. அது ஒரு அடக்கம்.”

“பொய்யில்லையோ?”

“இல்லை.”

“அப்ப நான் மொக்கு” என்று முடிவெடுத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றப் போனாள்.

என் கணவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். எதற்கும் பதறமாட்டார். அன்று பின்னேரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உதுக்கேன் யோசிக்கிறீர்? நாளைக்குப் போய் என்ரை பிள்ளை கெட்டிக்காரி எண்டு சொல்லிப்போட்டு வாரும்” என்றார்.

“அப்பிடி நேரை எப்பிடிச் சொல்லுறது?”

“வாயாலைதான்.”

“நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன்.”

“போறன். எனக்கென்ன.”

பிறகு நானே தடுத்தேன். தாய் ஒன்று சொல்ல, தகப்பன் வேறொன்று சொன்னால், வீட்டில் இரண்டு பேருக்கும் சரியில்லை என்று ரீச்சர் நினைப்பார். அவருக்கு இருக்கிற அக்கறைக்குப் பிள்ளையை உளவளத்துணை ஆலோசனைக்கும் அனுப்பிவிடுவார். நான் சொன்னதை நானேதான் மாற்ற வேண்டும்.

மறுநாள் அலுவலகத்தில் கோப்புகளுக்கு முன்னால் இருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சின்ன வசனம்தான். ஆனால் “கெட்டிக்காரி” என்ற இடத்துக்கு வந்ததும் கை தானாகக் கோப்பைப் புரட்டத் தொடங்கியது. மூன்றாம் தடவை சத்தம் வெளியே வந்துவிட்டது போலும்.

“ஆர் கெட்டிக்காரி?” என்றார் பக்கத்து மேசை அக்கா.

“எங்கடை கோழி அக்கா. நாள் தவறாமல் முட்டை போடுது.”

அன்றே பள்ளிக்கூட வாசலில் ரீச்சரைப் பிடித்தேன். குடையும் பையுமாக வெளியே வந்துகொண்டிருந்தார். தனியே அகப்படுவார் என்று நினைத்திருந்தேன். சுற்றிவர எட்டுப் பத்துத் தாய்மார் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றார்கள். வைத்தியரின் மனைவியும் நின்றார்.

“ரீச்சர், மகளைப் பற்றி ஒண்டு சொல்லோணும்.” குரலைத் தாழ்த்தினேன். நான் தாழ்த்தத் தாழ்த்தச் சுற்றி நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். “அவ அப்பிடி ஒண்டும் மோசமில்லை.”

ரீச்சரின் முகம் மலர்ந்தது. “அப்படியா அம்மா? அதுக்குள்ள வித்தியாசம் தெரியுதா?”

“இல்லை, முந்தியே அவ...”

“முந்தி கூட்டலே வராதுன்னு சொன்னீங்களே. இப்ப வருதா?”

வைத்தியரின் மனைவி என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப... வருது” என்றேன்.

ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை வகுப்புப் பெற்றோரின் கைபேசிக் குழுவில் அவர் ஒரு நீண்ட செய்தி போட்டிருந்தார். பரிகார வகுப்புக்குத் தெரிவான கையோடு ஒரு பிள்ளை கூட்டக் கற்றுக்கொண்டுவிட்டது என்றும், மெல்லக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் மனம் தளரக் கூடாது என்றும், இதற்கு ஒரு தாயின் ஒத்துழைப்பே காரணம் என்றும் எழுதியிருந்தார். என் பெயரும் இருந்தது. ஒவ்வொரு தாயாக எனக்குப் பூப் படம் அனுப்பினார்கள். வைத்தியரின் மனைவி பூவுக்குப் பக்கத்தில் கும்பிடுகிற கையும் போட்டிருந்தார்.

இதற்குப் பிறகு நான் போய் இன்னொரு கதை சொன்னால் அந்த ரீச்சர் இனி எந்தத் தாயைத்தான் நம்புவார்? அப்படிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு நாளைக் கடத்தினேன். மகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், “சொல்லிப்போட்டீங்களோ?” என்று கேட்பாள். “சொல்லுவம்” என்பேன். மேலே ஒன்றும் கேட்காமல் தன் பையில் ஈர்க்குகளை அடுக்குவாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கிற பிள்ளையல்ல. பரிகார வகுப்பில் ரீச்சர் ஒருநாள், ஈர்க்கு அலுத்துவிட்டதென்றால் வேறு எதை வைத்துக் கணக்குப் பழகலாம் என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். “சவர்க்கார நுரையை அளந்து பழகலாம் ரீச்சர்” என்றிருக்கிறாள் இவள். ரீச்சருக்கு அது பிடித்துப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. குருநகரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை கடற்கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். சாவகச்சேரிப் பெரியம்மா பேருந்தில் ஒரு போத்தல் கொடுத்துவிட்டார். எங்கள் ஒழுங்கையில் மகள் வீடு வீடாகப் போனாள்.

எனக்கு அதிசயமாக இருந்தது தாய்மாரின் பேச்சுத்தான். பிள்ளைக்கு வாய்ப்பாடு வராது என்று பெருமூச்சு விடுகிற அதே வாய், கிணறு என்றதும் வேறு வாயாகிவிடும். “எங்கடை கிணறெண்டால் இந்த ஒழுங்கையிலேயே திறமான தண்ணி பிள்ளை. வடிவாய்ப் பார்” என்று வைத்தியரின் மனைவி தானே அள்ளி நிரப்பிக் கொடுத்தாராம். கிணற்றுக்கு நாவூறு படாது போலிருக்கிறது. என்னையும் நான் விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது. மகள் போத்தலோடு எங்கள் கிணற்றடிக்குப் போனபோது பின்னாலேயே போய், “கொஞ்ச நேரம் மோட்டரைப் போட்டு இறைச்சுப்போட்டு எடு. மேல் தண்ணி வேண்டாம்” என்றேன்.

“எல்லா வீட்டிலையும் இறைச்சுப்போட்டோ எடுத்தவை?”

“தெரியாது.”

“அப்ப இறைக்க ஏலாது” என்று வாளியை விட்டாள்.

போத்தலில் யார் வீட்டுக் கிணறு என்று எழுதவேண்டாம், சண்டை வரும் என்றும் சொல்லிப் பார்த்தேன். எழுதாவிட்டால் அது என்ன ஆராய்ச்சி என்றாள்.

பள்ளிக்கூட மட்டத் தெரிவு நாளன்று பெற்றோரையும் மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். அதிபர்தான் பார்வையிடுபவர். முதலில் மீத்திறன் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பையனின் குழு, கை கிட்டப் போனால் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி செய்திருந்தது. வைத்தியர் ஆறு சனிக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் செய்தது அது. நல்ல வேலைப்பாடு. அதிபர் ஒரு கடதாசித் துண்டை நீட்டினார். தொட்டி திறக்கவில்லை. இன்னும் கிட்ட நீட்டினார். திறக்கவில்லை. அவர் விலகி இரண்டடி வைத்ததும் பின்னால் படாரென்று திறந்து மூடியது. வைத்தியர் ஒரு சின்ன இடுக்கியோடு ஓடிவந்தார்.

“இது என்னெண்டு தம்பி வேலை செய்யிறது?” என்று அதிபர் பையனைக் கேட்டார்.

“அப்பாவைக் கேளுங்கோ சேர்” என்றான் அவன் பணிவாக.

அடுத்து, போட்டிக்காக அல்ல, பரிகார வகுப்பின் முன்னேற்றத்தைக் காட்டுவதற்காக மட்டும் என்று சொல்லி ரீச்சர் எங்கள் பிள்ளைகளை முன்னால் கொண்டுவந்தார். நீள மேசையில் போத்தல்கள். ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சவர்க்காரம். குருநகர்ப் பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்க, என் மகள் கோடு கீறும் அடிமட்டத்தை வைத்து நுரையை அளந்து சொன்னாள். மழைத் தண்ணீர் முதலிடம். சாவகச்சேரி அதற்கு அடுத்தது. கடற்கரைக் கிணறு கடைசி. அதற்கு முன்னால், பக்கத்துப் பக்கத்தில், வைத்தியர் வீட்டுக் கிணறும் எங்கள் கிணறும்.

மண்டபத்தில் நாற்காலிகள் இழுபட்டன. தாய்மார் மேசையைச் சுற்றிவிட்டார்கள்.

“உது போத்தல் வடிவாய்க் கழுவேல்லைப் போலை” என்றார் ஒருவர்.

“எங்கடை தண்ணியிலை தேத்தண்ணி குடிச்சவை வேறை இடத்திலை குடிக்கமாட்டினம்” என்றார் வைத்தியரின் மனைவி. “இன்னொருக்காக் குலுக்கச் சொல்லுங்கோ.”

“மூண்டு தரம் குலுக்கிப் பாத்தாச்சு அன்ரி” என்றாள் மகள். “கெட்ட தண்ணியில்லை. குடிக்கலாம். சவர்க்காரத்தோடை மட்டும்தான் சேராது.”

அதிபர் குனிந்து போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “ஏன் பிள்ளை எல்லாத்தையும் ஒராளே குலுக்கினது? ஆளுக்கொண்டு குலுக்கியிருந்தால் கெதியாய் முடிஞ்சிருக்குமே.”

“ஆள் மாறினால் கையும் மாறும் சேர். பிறகு நுரை குறைஞ்சது தண்ணியாலையோ கையாலையோ எண்டு தெரியாது. ஒரே மாதிரிக் குலுக்கிறது இவதான். நான் குலுக்கினால் ஒவ்வொருக்கா ஒவ்வொரு மாதிரி வரும்.”

அதிபர் நிமிர்ந்தார். ரீச்சர் முன்னால் வந்தார். சந்தோஷத்தில் என் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். “சேர், இந்தப் பிள்ளைக்குக் கூட்டலே வராதுன்னு அவங்க அம்மாவே என்கிட்ட சொன்னாங்க. இன்றைக்குப் பாருங்க.”

“நல்ல முயற்சி ரீச்சர்” என்றார் அதிபர். “என்ன செய்யிறது, வலயத்துக்கு மீத்திறன் வகுப்புப் பிள்ளையள் மட்டும்தான் போகலாம். விதி அப்பிடி. டொக்டர், குப்பைத்தொட்டியை ஒருக்காத் திருத்தித் தாருங்கோ. அதையே அனுப்புவம்.”

மகள் அழவில்லை. கையில் அடிமட்டத்தோடு திரும்பி, அத்தனை தலைகளுக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டில் ஒன்று என்று சொன்னாளே, அதே பார்வை.

நான் எழுந்து நின்றேன். எழுந்தபிறகுதான் எழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இனி இருக்க முடியாது. கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், நான் ரீச்சருக்குச் சொன்னது உண்மையில்லை.”

“எது?”

“கூட்டல் வராதெண்டது. அவவுக்கு முந்தியே வரும். பெருக்கலும் வரும்.” ஒருமுறை மூச்சை எடுத்தேன். “என்ரை பிள்ளை கெட்டிக்காரி.”

சொல்லிவிட்டேன். நூறு நாக்குகள் என் பிள்ளையின் பக்கம் திரும்புவது போலிருந்தது எனக்கு.

“அப்ப ஏன் அம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்றார் அதிபர்.

நான் வாய் திறப்பதற்குள் பதில் பின்னாலிருந்து வந்தது. “எல்லாரும் அப்பிடித்தானே சேர் சொல்லுறது” என்றார் வைத்தியரின் மனைவி, கொஞ்சம் எரிச்சலோடு. “அண்டைக்கு நான் போயிருந்தால் நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன். இவர் போய்க் காரியத்தைக் கெடுத்துப்போட்டார்.”

வைத்தியர் இடுக்கியைப் பைக்குள் வைத்தார்.

“என்ரை மகனும் வாசிப்பார் சேர்” என்றது ஒரு குரல். “நான் சும்மாதான் சொன்னனான்.” பரிகார வகுப்பு வரிசையிலிருந்து இன்னொரு தாய், “என்ரையவளும்தான்” என்றார். அப்போது குருநகர்ப் பிள்ளையின் தாய் எழுந்தார். “என்ரை பிள்ளைக்குக் கணக்கு உண்மையாவே குறைவுதான் சேர். நான் பொய் சொல்லேல்லை. ஆனால் குலுக்கினது முழுக்க அவதான்.”

ரீச்சர் பக்கத்திலிருந்த கதிரையில் மெல்ல இருந்துவிட்டார். “அப்ப நான் யாரைத்தான் நம்புறது?” என்று கேட்டார். யாரையும் குறித்துக் கேட்கவில்லை.

“மனசிலை எடுக்காதேங்கோ ரீச்சர்” என்றார் அதிபர். அவர் பண்டத்தரிப்புக்காரர், எங்கள் பக்கத்து ஆள்தான். “நான் அதிபராய் வந்து இவ்வளவு காலம். என்ரை அம்மா இப்பவும் ஊரிலை கேக்கிறவைக்கு, ‘ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலை நிக்கிறான்’ எண்டுதான் சொல்லுறவ.” பிறகு மகளின் பக்கம் திரும்பினார். “இண்டையிலிருந்து நீர் மீத்திறன் வகுப்பு. குப்பைத்தொட்டி நிக்கட்டும், வலயத்துக்கு உம்மடை நுரையே போகட்டும். குழுவுக்கு மூண்டு பேர் வேணும். ஆர் ஆர்?”

“குலுக்க இவ வேணும் சேர்.”

“அவ பரிகார வகுப்பெல்லே.”

“இவ இல்லாட்டி நுரை பிழைக்கும்.”

அதிபர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் தலையாட்டினார். மூன்றாவது ஆள் யாரென்று யோசிக்கும்போது, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன் மெல்ல வந்து, “நான் வரட்டோ?” என்றான்.

“அடிமட்டம் சரிவாய்ப் பிடியாமல் நேரைப் பிடிப்பியோ?” என்றாள் மகள்.

“பிடிப்பன்.”

அவர்களுக்குப் பின்னால் குப்பைத்தொட்டி ஒருமுறை தானாகத் திறந்து மூடியது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மகளைப் பிடித்து நிறுத்தினேன். அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. பல்லைக் காட்டச் சொன்னேன். எல்லாம் இருந்தது. ஆனாலும் பொழுதுபடும் நேரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு சட்டியில் சிரட்டைக் கரிக்கு நெருப்பு மூட்டிச் செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்தேன். பிள்ளையைச் சுற்றி அதில் போடுவதற்கு. நம்பிச் செய்யவில்லை. செய்யாமல் விட்டு, நாளைக்கு ஏதும் வந்தால் என்ன செய்வது என்றுதான்.

“இது எதுக்கம்மா?”

“சும்மா நில்.”

“நாவூறோ? பட்டிருந்தால் எப்பிடித் தெரியும்?”

“பட்டிருந்தால் மிளகாய் எரிஞ்சாலும் நெடி அடிக்காது. இருமல் வராது.”

“படாட்டி?”

“வரும்.”

“அப்ப அப்பாவையும் கூப்பிடுங்கோ. எங்கள் ரண்டு பேரை மட்டும் வைச்சுச் சொல்ல ஏலாது.”

அவர் வந்து நின்றார். மூன்று தரம் சுற்றி நெருப்பில் போட்டேன். மிளகாய் வெடித்தது. முதலில் மகள் தும்மினாள். பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஆறாக ஓடியது. வேலிக்கு அப்பால் வைத்தியரின் மனைவியும் இருமுவது கேட்டது.

“என்ன அக்கா, மிளகாய் வறுக்கிறியளோ?”

“ஓம் அக்கா. தூளுக்கு.”

கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டுப் பக்கமிருந்தும் அதே நெடி வந்தது. வைத்தியர் இருமும் சத்தமும் வந்தது. அங்கும் தூளுக்கு வறுத்திருப்பார்கள்.

“எல்லாரும் இருமிப்போட்டம்” என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அப்ப ஒருத்தற்றை நாவூறும் படேல்லை.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். ஒருவருக்குக்கூடவா வயிறு எரியவில்லை?

“இனி நீங்கள் பயப்பிடாமல் சொல்லலாம் அம்மா.”

“ஒருக்காச் செய்து பாத்துப்போட்டுச் சொல்ல ஏலாது குஞ்சு” என்றேன்.

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். “ஓம், அது சரிதான். அப்ப நாளைக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. நாளண்டைக்கும்.”

சட்டியைக் கழுவக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். தேய்த்துத் தேய்த்துக் கை நொந்தது. சவர்க்காரம் நுரைக்கவேயில்லை.